ஏரி காத்தது யார்?

(சனி, ஞாயிறு இரண்டு நாள் மதுராந்தகம் போய் வந்தது பற்றி ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு நாம் பேசவேண்டிய விஷயம் "பிரயாணம்" என்று தலைவர் அவர்கள் சொல்லிவிட்டார்கள். பிரயாணம் என்றால் நம்மவர்களுக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போவது. மற்றொன்று யாத்திரை என்று பேர் வைத்துக்கொண்டு கையிலுள்ள காசை உண்டியலில் போட்டு, தலையிலுள்ள மயிரையும் கொடுத்துவிட்டு, கடன்பட்டு வீடு திரும்புவது. ஒரு ஊரின் மண்ணையும் தண்ணீரையும் அங்கே பிழைக்கிற ஜனங்களையும் பார்ப்பதற்கென்றே போவது என்கிற வழக்கம் நம்மிடம் குறைவு. ஆகையால் சென்ற சனிக்கிழமை நாமும் மூன்று தோழர்களுமாக ஒரு சிநேகிதரின் காரில் ஏறி, மதுராந்தகம் என்கிற ஏரிக்கரை ஊருக்குப் போய், ஒரு இரவு தங்கி, மறுநாள் மாலை திரும்பினோம். அங்கே பார்த்ததையும் கேட்டதையும், கேட்டதில் நம்பக்கூடியது எது, கூடாதது எது என்பதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

சென்னையிலிருந்து தெற்கே போகும் பெரிய ரோட்டில் சுமார் 80 கிலோ மீட்டர் தூரம். பரனூரில் சுங்கச்சாவடியில் காசைக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். பணமும் கொடுத்துக் காத்தும் கிடக்கிற இடம் கோயில் ஒன்றுதான் என்று இதுவரை நினைத்திருந்தவர்கள் இங்கே வந்து பார்க்கலாம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி ரயில் பாதையை ஒட்டி விரிந்து கிடக்கிறது. அப்புறம் பாலாறு. பேரில்தான் பால், பாலத்தின் மேலிருந்து பார்த்தால் மணலும் முட்செடியுமாக இருக்கிறது. அதைத் தாண்டி மாமண்டூர், படாளம் வழியாகப் போனால் ரோட்டை ஒட்டியே மதுராந்தகம் ஏரிக்கரை எழும்பி நிற்கிறது.

ஏரி என்றால் உங்கள் ஊர்க் குட்டையைப் போல எண்ணிவிடாதீர்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு. நிரம்பினால் ஆழம் சுமார் 23 அடி. கிளியாற்றுத் தண்ணீர் அதில் வந்து சேருகிறது. மிஞ்சுவது கலிங்கல் வழியே மறுபடியும் கிளியாற்றில் போய்ப் பாலாற்றில் விழுகிறது. இந்த ஏரி பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழன் காலத்தது என்று சொல்லுகிறார்கள். அவனுக்கு மதுராந்தகன் என்று ஒரு பட்டம். அதாவது மதுரைக்கு எமன் என்று அர்த்தம். ராஜாக்கள் ஒரு ஊரை அழித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பெருமையை இன்னொரு ஊருக்குப் பேராக வைப்பது பழைய வழக்கம். எமன் எங்கேயோ போய்விட்டான். மதுரையும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது. ஏரி மட்டும் ஆயிரம் வருஷமாக நெல் விளைவிக்கிறது.

அந்த ஊரில் கரையின் அருகே ஒரு ராமர் கோயில் இருக்கிறது. அந்த ராமருக்கு "ஏரி காத்த ராமர்" என்று பெயர். நாம் தங்கின விடுதியில், சாமானை இறக்கி வைப்பதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் ஒருதரம் கேட்டோம். பூக்காரம்மாள் ஒருதரம் சொன்னார்கள். கதை இதுதான்:

கும்பினியார் காலத்தில் இந்த ஏரிக் கரை அடிக்கடி உடைந்துகொண்டிருந்ததாம். செங்கல்பட்டு ஜாகீர் கலெக்டராயிருந்த லையனல் பிளேஸ் என்கிற துரை வந்து முகாம் போட்டார். கோயில் பட்டாச்சாரியார்கள் அவரிடம் போய்த் தாயார் சன்னதி பழுதாய்க் கிடக்கிறது, கட்டித்தரவேண்டும் என்று கேட்டார்கள். "வருஷா வருஷம் கரை உடைகிறதே, உங்கள் சாமி அதைக் காக்கவில்லையே, அதற்குக் கோயில் எதற்கு?" என்று துரை கேட்டார். "வேண்டிக்கொண்டால் காப்பார்" என்றார்கள் இவர்கள். "சரி, இந்த வருஷம் உடையாமலிருந்தால் கட்டித்தருகிறேன்" என்றார் துரை. அன்று இரவு பேய் மழை. துரை பயந்து கரைக்குப் போய்ப் பார்த்தபோது வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் கரையில் காவல் நின்றார்களாம். துரை மண்டியிட்டார். கூடப் போன சேவகர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். கரை உடையவில்லை. துரை சொன்னபடி சன்னதியைக் கட்டினார். அந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையினுடையது என்று தமிழில் கல்லிலே வெட்டியும் இருக்கிறது. இது நடந்தது 1798 வாக்கில் என்கிறார்கள்.

தோழர்களே! கல் இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. துரை என்று ஒருவர் இருந்தார். அதற்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகளே சாட்சி. சன்னதி கட்டினார் என்பதும் மெய்யாகவே இருக்கட்டும். ஆனால் சன்னதிக்குச் சாட்சியாக இருக்கிற கல், ராமர் வந்ததற்கும் சாட்சியாகிவிடுமா? ஒருவன் மாமரத்தைக் காட்டி, "இந்த மரத்தை நட்டவன் எங்கள் பாட்டன், அவன் ஆகாயத்தில் பறப்பான், வேண்டுமானால் மரத்தைப் பாருங்கள்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

கதையை அவர்கள் சொல்லுகிறபடியே எடுத்துக்கொண்டு பார்ப்போம். அந்த வருஷம் காத்தவர், அதற்கு முந்தின வருஷங்களில் கரை உடைந்து பயிர் அழிந்தபோது எங்கே போயிருந்தார்? கோயில் அப்போதும் அங்கேதானே இருந்தது? பூசையும் நடந்துகொண்டுதானே இருந்தது? குடியானவன் குடிசை மிதந்தபோது வராதவர், துரை கட்டடம் கட்டித்தருகிறேன் என்று வாய்ச்சொல் கொடுத்த உடனே வில்லை எடுத்துக்கொண்டு வந்தார் என்றால், அதற்குப் பேர் கருணையா, கண்டிராக்டா? நாம் ராமரைக் குறைசொல்வதாக யாரும் கோபிக்க வேண்டாம். அவரைப்பற்றி இப்படி ஒரு கதை கட்டிவிட்டவர்கள்தான் அவரைக் குறைசொல்லுகிறார்கள்.

இனி துரையின் சங்கதியைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். செங்கல்பட்டுச் சீமையை 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் ஜாகீராகப் பெற்றார்கள். 1780-இல் ஹைதர் அலி படை வந்தபோது அந்தப் பக்கமே பாழாயிற்று, கிராமங்கள் காலியாயின, ஏரிகள் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன. 1794-இல் பிளேஸ் கலெக்டராக வந்தார். ஏரி பழுதானால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லாவிட்டால் வரி இல்லை. ஆகையால் அவர் ஏரிகளைச் செப்பனிடுவதில் கவனம் செலுத்தினார். அன்றியும், ஊரில் பெரியவர்களாயிருக்கிறவர்களையும் கோயில்களையும் கைக்குள் வைத்துக்கொண்டால் ஆட்சி நடத்துவது சுலபம் என்பதையும் அவர் நன்றாக அறிந்தவர். காஞ்சிபுரத்துக் கோயில் காரியங்களில் அவர் தலையிட்டதும், வரதராஜர் கோயிலுக்கு நகை கொடுத்ததும் பிரசித்தம். காஞ்சிபுரத்தில் நகை கொடுத்ததற்கு யாரும் கரையில் வந்து காவல் நிற்கவில்லை. ஆக, மதுராந்தகத்தில் சன்னதி கட்டுவதற்கு மட்டும் தரிசனம் எதற்காக வேண்டியிருந்தது? வரி வாங்குகிறவன் கரையைச் செப்பனிட்டான். செப்பனிட்ட கரை உடையவில்லை. ஜனங்களைத் திருப்தி செய்ய ஒரு சன்னதியும் கட்டினான். இதில் அதிசயம் என்ன இருக்கிறது?

ஆனால் இந்தக் கணக்கிலும் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறான் என்பது நமக்கு அன்று மாலை கரைமேல் நடந்தபோதுதான் நன்றாக விளங்கிற்று.

கரைமேல் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் தகப்பனாரும் பாட்டனாரும் நீர்க்கட்டிகளாம். நீர்க்கட்டி என்பவன் ஊருக்காக மடை திறந்து, அடைத்து, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு, கரையைக் கண்காணிக்கிறவன். இந்தச் சீமையில் அந்த வேலை பெரும்பாலும் சேரியில் இருந்தவர்களுடையது. "ஐயா, கரை ஏன் உடைகிறது?" என்று கேட்டோம். அவர் ராமரையும் சொல்லவில்லை, துரையையும் சொல்லவில்லை.

"நண்டும் எலியும்தான் தம்பி முதல் எதிரி" என்றார். நண்டு வளை பறிக்கிறது. எலி பொந்து போடுகிறது. தண்ணீர் ஏறினதும் அந்தத் துவாரத்தின் வழியாகக் கசிவு ஆரம்பிக்கிறது. வெளிப்புறத்தில் கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லையாம். கலங்கலாக வந்தால் அப்போதே ஊரை எழுப்பிவிட வேண்டுமாம். ஏனென்றால் கலங்கல் என்பது கரைக்குள் இருக்கிற மண். உள்ளே மண் அரிபட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் கரை கல்லுப்போல நிற்கும். திடீரென்று குழிந்து உட்கார்ந்துவிடும். அதற்குள் சவுக்குக் கட்டை அடித்து, வைக்கோலும் மண்மூட்டையும் போட்டுச் சுற்றிக் கட்டிவிட்டால் பிழைக்கலாம். எஞ்சினீயரிங் காலேஜில் படித்த தோழர் ஒருவர் நம்முடன் இருந்தார். அவர் இதைக் கேட்டு, "நாங்கள் நாலு வருஷம் படித்ததும் இதுதான்" என்றார்.

இன்னும் சொன்னார் அந்தப் பெரியவர். காற்று வீசுகிறபோது அலை கரையைக் கடித்துக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் உட்சரிவில் கல் பதிப்பது. தண்ணீர் கரையின் தலைக்கு மேலே வழிந்தால் அரை நாழிகையில் எல்லாம் முடிந்தது; அதற்காகத்தான் கலிங்கல் வைத்தது. இங்கேதான் மனுஷனுடைய புத்தி வேலை செய்கிறது. ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கிறவர்களில் சிலர், இன்னும் ஒரு அடி தண்ணீர் நின்றால் இன்னொரு போகம் எடுக்கலாமே என்று கலிங்கலின் மேல் பலகையும் மண்மூட்டையும் வைத்து அடைப்பார்களாம். பின்னால் மழை கொட்டினால் போக வழியில்லாத தண்ணீர் கரையைத் தள்ளும். "அந்த ராத்திரியிலே போய் அந்தப் பலகையைப் பிடுங்கிப் போடுகிறவன் யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கப்பன்தான். பிடுங்கினதற்காக அடியும் வாங்கியிருக்கிறான்" என்றார்.

தோழர்களே! மழை இரவில் கரைமேல் காவல் நின்றவன் ஒருவன் உண்டு என்பது மெய்தான். அவன் கையில் இருந்தது வில் அல்ல, மண்வெட்டி. சேவகர் கண்ணுக்கு அவன் தெரியவில்லை என்பதும் மெய்யாகவே இருக்கலாம். அவன் எப்போதுதான் யார் கண்ணுக்குத் தெரிந்தான்? மடை திறக்கிறவனை மடையன் என்று சொல்லி அதுவே வசவாய்ப்போயிற்று என்று சிலர் சொல்லுகிறார்கள். புலவர்கள், இல்லை, அது மடமை என்பதிலிருந்து வந்தது என்பார்கள். புலவர்கள் சொல்வதே சரியாயிருக்கட்டும். ஆனால் நீருக்குள் மூழ்கி, மூச்சடக்கி, மதகின் அடைப்பைத் திறந்துவிட்டு மேலே வருகிறவனும் மூடனும் ஒரே பேரில் அழைக்கப்படுவதைப் பற்றி நம் நாட்டில் ஒருவனுக்கும் வெட்கமில்லை.

இதைவிடப் பெரிய அக்கிரமம் ஒன்றுண்டு. இப்படிக் கரையைக் காத்தவன், கரையைக் காத்ததாகச் சொல்லப்படுகிற அந்த ராமரைப் போய்ப் பார்க்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். கோயில் பிரவேசத்துக்குச் சென்னை மாகாணத்தில் பொதுச் சட்டம் வந்தது 1947-இல். அதாவது கதையில் சொல்லுகிற அந்த மழை இரவுக்கு ஏறக்குறைய 150 வருஷத்துக்குப் பிறகு. வெள்ளைக்கார துரைக்கு ராமர் நேரிலே வந்து தரிசனம் கொடுத்தார் என்று கல்லில் வெட்டாத குறையாகப் பெருமை பேசுகிறவர்கள், மண் சுமந்தவனை வாசலில் நிறுத்தி வைத்ததற்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறார்கள்?

ஏரி வேலைக்கும் சட்டம் உண்டு. முன்பு குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்கிற வழக்கம் இருந்தது. அது தளர்ந்துபோன காலத்தில் கும்பினியார் 1858-இல் கட்டாய வேலைச் சட்டம் ஒன்று போட்டார்கள். கரை உடையும்போல் இருந்தால் ஊரில் உடலுழைப்புச் செய்கிறவர்களைக் கட்டாயமாக இழுத்துவரலாம் என்பது அதன் சாரம். ராமர் காக்கிறார் என்கிற நம்பிக்கை துரைத்தனத்தாருக்கு இருந்திருந்தால் இந்தச் சட்டத்துக்கு அவசியமே இல்லை. 2015-ஆம் வருஷத்துப் பெருமழையிலும் ஏரி நிரம்பினபோது உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கிளியாற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை செய்தது பொதுப்பணித் துறை ஆட்கள்தான். பின்னால் தூரெடுத்து, கரையைப் பலப்படுத்தி, மதகுகளைப் புதுப்பிக்கச் சர்க்கார் பெருஞ்செலவில் வேலை எடுத்தபோது ஏரியில் தண்ணீர் தேக்காமல் விடவேண்டியிருந்தது. பாசனக்காரர்கள் பயிரை இழந்து காத்திருந்தார்கள். அந்தக் கஷ்டமும் மனுஷன் பட்டதுதான்.

"ஆனாலும் பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று விடுதிக்காரர் நம்மைக் கேட்டார். நல்ல மனிதர், நியாயமான கேள்வி. நஷ்டம் இதுதான்: ராமர் காக்கிற ஏரிக்கு நண்டு வளை பார்க்க ஆள் எதற்கு என்று தோன்றிவிடுகிறது. உற்சவத்துக்கு வசூலாகிற பணத்தில் நாலில் ஒரு பங்கு வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்வதற்கு வசூலாகுமா என்று அவரையே கேட்டோம். சிரித்துக்கொண்டு காப்பி கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலையில் உத்திரமேரூர் போனோம். மதுராந்தகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ஆம் வருஷங்களில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டின சாசனங்கள் இருக்கின்றன. 30 குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் ஆள் எடுத்து, வருஷ காரியத்துக்கு 12 பேர், தோட்டத்துக்கு 12 பேர், ஏரிக்கு 6 பேர் என்று வாரியம் போட்ட விவரம் அதில் இருக்கிறது. ஏரியைப் பார்க்க ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கமிட்டி! சாமியை நம்பி விட்டுவிடாமல் ஆறு ஆட்களைப் போட்டார்களே, அந்தப் புத்தியை நாம் மெச்சுகிறோம். ஆனால் மேடைக்கு மேடை ஜனநாயகம் ஜனநாயகம் என்று முழங்குகிறவர்கள் அடுத்த வரியையும் படிக்கவேண்டும். ஓலையில் பேர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்கவேண்டும். பெண்களுக்கு இடமில்லை. ஆகவே ஏரி வாரியத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஏரியில் மண் சுமந்தவர்களில் ஒருவர்கூட அந்த ஆறில் இல்லை. இந்தக் கல்லிலும் அவன் பேர் கிடையாது.

மத்தியானம் வேடந்தாங்கல் வந்து சேர்ந்தோம். இந்த இடத்தைப் பற்றித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். சுமார் 73 ஏக்கர் உள்ள சின்ன ஏரி. தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. அந்த மரங்களில் கிளை தெரியாமல் பறவைகள்: கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம். சத்தமோ சந்தைக் கடையைத் தோற்கடிக்கும். வாடையும் அப்படியே. நம்முடன் வந்த தோழர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஊர்க்கார அம்மாள் ஒருவர், "அந்த வாடைதான் ஐயா எங்கள் வயலுக்கு உரம்" என்றார்கள்.

ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் வேறு உரம் குறைவாகவே போதும். இதை அந்த ஊர் ஜனங்கள் எந்த ரசாயனப் புத்தகமும் படிக்காமல், விளைச்சலைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினிச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் வாங்கினார்கள். அதை 1858-இல் புதுப்பித்தும் வாங்கினார்கள். முதல் கவுல் கொடுத்த கலெக்டர் யார் தெரியுமா? அதே பிளேஸ் துரைதான்!

கவனியுங்கள், தோழர்களே. அதே துரை, அதே காலம், காரில் போனால் கொஞ்ச நேரப் பாதை. ஒரு ஊரில் அவரிடம் சன்னதி கேட்டார்கள். இன்னொரு ஊரில் காரணத்தைச் சொல்லி உத்தரவு கேட்டார்கள். முதல் ஊரில் ஒரு கதை மிஞ்சியிருக்கிறது. இரண்டாவது ஊரில் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பறவை வந்துகொண்டிருக்கிறது. 1936-இல் சர்க்கார் அதைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது. 2022-இல் ராம்சார் உடன்படிக்கைப்படி உலகப் பிரசித்தமான நீர்நிலைகளின் ஜாபிதாவிலும் சேர்ந்தது. ஆனால் சர்க்கார் போர்டு வைப்பதற்கு எவ்வளவோ காலம் முந்தியே காவல் காத்தவர்கள் அந்த ஊர்க் குடிகள்தான். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். நரகாசுரனைக் கொன்றதற்குச் சந்தோஷப்படுவதைவிட நாரை குஞ்சு பொரிப்பது முக்கியம் என்று ஒரு ஊரே தீர்மானித்திருக்கிறது என்றால், நாம் நூறு பிரசங்கம் செய்து அடையமுடியாததை அவர்கள் வயிற்றுக் கணக்கினாலேயே அடைந்துவிட்டார்கள். 2020-இல் சரணாலயத்தைச் சுற்றியுள்ள 5 கிலோ மீட்டர் எல்லையை 3 ஆகச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பினபோது பலத்த எதிர்ப்பு எழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அந்த அம்மாளை, "உங்கள் ஏரியைக் காக்கிற சாமி எது?" என்று நம் தோழர் வேடிக்கையாகக் கேட்டார். அவர்கள் கொஞ்சம் யோசித்து, "பறவை வராத வருஷம் மழை இல்லாத வருஷம். மழை இல்லாவிட்டால் கால்வாயைப் பார்ப்போம், அடைத்திருந்தால் வெட்டுவோம்" என்றார்கள்.

போக விரும்புகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை முதல் மாசி வரை போவது நல்லது. மழை பொய்த்த வருஷமானால் விசாரித்துக்கொண்டு போங்கள். கார் வேண்டுமென்பதில்லை, மதுராந்தகத்துக்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. வேடந்தாங்கலுக்குப் படாளம் கூட்டு ரோட்டில் திரும்பவேண்டும். அங்கே கைதட்டுவது, கூச்சல் போடுவது, பாட்டுப்பெட்டி வைப்பது ஒன்றும் கூடாது. தூரக்கண்ணாடி இருந்தால் எடுத்துப்போங்கள். மதுராந்தகத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கரைமேல் நடந்தால் அந்தப் பெரியவரைப் பார்க்கலாம். வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள். நண்டு வளை எது, பாம்புப் பொந்து எது என்று அவரே காட்டுவார்.